மூச்சா, பேச்சா? பெயரில்லாத வகுப்பறைகளைப் பற்றி

1

தமிழில் நாம் கட்டடங்களைப் பற்றி எழுதினால் அது பெரும்பாலும் கோவிலாக இருக்கும், இல்லையென்றால் இடிந்துபோன பூர்விக வீடாக இருக்கும். முதலாவதில் வியப்பு, இரண்டாவதில் ஏக்கம். இரண்டும் விமர்சனம் ஆகாது. நம்மில் பெரும்பாலானோர் பத்துப் பன்னிரண்டு வருடப் பகலைக் கழித்தது வகுப்பறையில்தான். ஆனால் அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து, இதை யார் எழுதினார், எதற்காக இப்படி எழுதினார், எங்கே சறுக்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

உலக அளவிலும் நிலைமை ரொம்ப வித்தியாசமில்லை. பள்ளிக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு பெயர் உடனே வரும்: புர்கினா பாசோவின் கான்டோ கிராமத்தில் 2001இல் பிரான்சிஸ் கெரே கட்டிய தொடக்கப்பள்ளி. அது நிஜமாகவே நல்ல கட்டடம், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் ஒரு இலக்கியச் சூழலில் விருது வாங்கிய பத்து நாவல்களை மட்டும் வாசித்துவிட்டு, லட்சக்கணக்கில் விற்ற மாத நாவல்களைத் தொடாமலே விட்டால் அந்தச் சமூகம் என்ன வாசித்தது என்று நமக்குத் தெரியாமலே போகும். கட்டடக்கலையில் அந்த மாத நாவலின் இடத்தில் இருப்பது, ஆலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வகுப்பறை. அதில் படிக்கும் குழந்தைகள் அதிகம், அதைப் பார்க்கும் விமர்சகர்கள் மிகக் குறைவு.

இப்போது இந்தப் பெட்டிகள் புதுப் பெயரோடு வருகின்றன. நீடித்த வடிவமைப்பு, ஆற்றல் சேமிப்பு, 'நெட் ஜீரோ' என்று விளம்பரத் தாளில் பச்சை நிறம் அள்ளித் தெளித்திருக்கிறது. அந்தப் பச்சை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதற்கு கலிபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைமையின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம், அதை அளந்து பார்த்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

2

முதலில் இந்த வகைமையின் வம்சாவளி. ஏனென்றால் ஆலையில் செய்த வகுப்பறை என்றாலே மட்டம் என்று நினைக்கத் தேவையில்லை. அதன் தொடக்கம் மிகப் பெருமையானது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த இங்கிலாந்தில் செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை, குழந்தைகள் மட்டும் ஏராளம். 1944 கல்விச் சட்டம் எல்லோருக்கும் இடைநிலைக் கல்வி என்று சொல்லிவிட்டது. ஹெர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில் சார்லஸ் ஆஸ்லின் தலைமையிலான கட்டடக் கலைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இலேசான எஃகுச் சட்டம், ஆலையில் வார்த்த சுவர்ப் பலகைகள், எல்லாவற்றையும் இணைக்க 8 அடி 3 அங்குலக் கட்டம். 1940களின் பின்பாதியில் தொடங்கி பத்து வருடத்துக்குள் நூறு பள்ளிகள் அளவுக்கு எழுப்பினார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவிட் மெட், மேரி மெட் தம்பதியர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தைகள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே போய்க் கும்பலாக நிற்கிறார்கள், கைகழுவும் தொட்டி அவர்களுக்கு எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து, அதற்கேற்ப நாற்காலியின் உயரத்தையும் தொட்டியின் உயரத்தையும் தீர்மானித்தார்கள். சட்டகம் ஆலையில் இருந்து வந்தது, ஆனால் அளவு குழந்தையிடமிருந்து வந்தது.

அந்த வேலையை நேரில் கண்டவர் எஸ்ரா எரன்கிராண்ட்ஸ் என்ற அமெரிக்கர். ஊர் திரும்பி, 1961 முதல் கலிபோர்னியாவில் எஸ்சிஎஸ்டி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பள்ளிக் கட்டுமானத் திட்டத்தை நடத்தினார். போர்டு அறக்கட்டளையின் பணத்தில் உருவான ஒரு கல்விக் கட்டட அமைப்பு அதற்கு நிதி கொடுத்தது. பல பள்ளி மாவட்டங்களை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய சந்தையாக்கி, ஆலைக்காரர்களிடம் 'இந்த உத்தரத்தைச் செய்' என்று கேட்காமல் 'இவ்வளவு தூரம் தூணில்லாமல் நிற்க வேண்டும், இவ்வளவு வெளிச்சம் வேண்டும், மிச்சம் உன் பாடு' என்று கேட்டார். 13 பள்ளிகள் கட்டப்பட்டன. கூரையும் விளக்கும் ஏசி குழாயும் ஒரே உடம்பாகப் பின்னப்பட்ட அந்தக் கூரை அமைப்பைப் பார்த்து நார்மன் பாஸ்டர் போன்றவர்களே கற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. எந்தச் சுவரும் எங்கேயும் நகரலாம் என்ற சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. கட்டடம் அகலமாகிக்கொண்டே போனால் நடுவில் விழும் அறைக்கு சன்னல் கிடையாது. காற்றும் வெளிச்சமும் மொட்டைமாடி இயந்திரத்தின் கையில். 1960களில் மின்சாரம் மலிவு, யாரும் கவலைப்படவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும்தான் பில் வந்தது. இயந்திரத்தை நம்பி சன்னலைக் கைவிடுவது என்ற பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அடுத்து வந்த மலிவுப் பதிப்பு எரன்கிராண்ட்ஸின் அறிவை விட்டுவிட்டு அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

3

அந்த மலிவுப் பதிப்பின் அளவு 24 அடிக்கு 40 அடி. ஏன் 24? லாரியில் சாலை வழியாக இழுத்துவரத் தோதான அகலம் 12 அடி. 12 அடித் துண்டுகள் இரண்டை ஒட்டினால் 24. அவ்வளவுதான் ரகசியம். ஹெர்ட்போர்ட்ஷயரில் வகுப்பறைக்குள் அளவு சொன்னது குழந்தை என்றால், இங்கே அளவு சொன்னது லாரி.

1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றி சொத்துவரிக்கு உச்சவரம்பு போட்டார்கள். பள்ளிகளுக்கு உள்ளூரில் இருந்து வந்த பணம் சுருங்கியது. 1996இல் இன்னொரு முடிவு: கீழ்வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர்கள் என்று குறைத்தால் மாநிலம் பணம் தரும். நல்ல முடிவு. ஆனால் சட்டம் ஜூலையில் வந்தது, பள்ளி சில வாரத்தில் திறக்கப்போகிறது. முப்பது பேர் இருந்த வகுப்பை இருபது இருபதாகப் பிரித்தால் அறைக்கு எங்கே போவது? விளையாட்டுத் திடலில் பெட்டிகள் வந்து இறங்கின. 2000களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் சுமார் 80,000 போர்ட்டபிள்கள் இருந்தன. ஏறக்குறைய மூன்று வகுப்பறைக்கு ஒன்று.

ஆகவே அவற்றைச் சும்மா திட்டுவது நியாயமில்லை. அந்தப் பெட்டிகள் இல்லாமல் வகுப்புகளைச் சின்னதாக்கியிருக்க முடியாது. என் புகார் அவசரத்தின் மேல் இல்லை. 'தற்காலிகம்' என்ற சொல்லின் மேல்.

தற்காலிகம் என்று சொல்லிவிட்டால் பல கேள்விகளில் இருந்து தப்பித்துவிடலாம். கொஞ்சநாளைக்குத்தானே, சன்னல் சின்னதாக இருந்தால் என்ன? கொஞ்சநாளைக்குத்தானே, தரை ஒட்டுப்பலகையாக இருந்தால் என்ன? அந்தக் 'கொஞ்சநாள்' முப்பது வருடம் ஆகும். நகர்த்தலாம் என்ற பெயரில் வந்தவை பல, நகராமலே மூப்படைந்தன. இங்கிலாந்தில் இதன் இன்னொரு முகத்தை 2023 ஆகஸ்ட் கடைசியில் பார்த்தோம். பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கையில், போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் போடப்பட்ட நுரைக் கான்கிரீட் பலகைகள் விழக்கூடும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். இலேசாகவும் மலிவாகவும் இருந்த அந்தப் பலகை, தன் ஆயுளைத் தாண்டியும் தலைக்குமேல் விடப்பட்டிருந்தது. அங்கிருந்து வெளியேறிய குழந்தைகளில் பலர் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள்? தற்காலிக வகுப்பறைகளில்.

4

இனி மூச்சுக்கும் பேச்சுக்கும் வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

வழக்கமான போர்ட்டபிளில் ஒரு பக்கச் சுவரின் வெளியே ஒரு ஹீட் பம்ப் தொங்கும். குளிரூட்டவும் அதுதான், சூடேற்றவும் அதுதான், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரவும் அதுதான். அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, ஒரு சிறு திறப்பு வழியாகக் கொஞ்சம் வெளிக்காற்றைச் சேர்க்கும். பல இடங்களில் வெப்பநிலை சரியானதும் விசிறி தானாக நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். விசிறி நின்றால் வெளிக்காற்றும் நின்றது. அதாவது இதமான ஒரு காலைப்பொழுதில், குளிரும் வேண்டாம் சூடும் வேண்டாம் என்கிற நேரத்தில், அறையில் யாருக்கும் புதுக்காற்று கிடையாது.

சரி, விசிறியை ஓடவிட்டால்? அது சத்தம் போடும். கம்ப்ரசரும் விசிறியும் ஒரு மெல்லிய சுவருக்கு அந்தப்புறம் உறுமிக்கொண்டிருக்கும். ஆசிரியர் என்ன செய்வார்? அவருடைய வேலையே பேசுவதுதான். எழுந்துபோய் இயந்திரத்தை அணைப்பார்.

இது கற்பனை இல்லை. கலிபோர்னியாவின் காற்றுவள வாரியமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து வகுப்பறைகளை ஆராய்ந்து 2004இல் சட்டமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தன. வகுப்பு நடக்கும் நேரத்தில் 40 சதவீதம் வெளிக்காற்று போதவில்லை. 10 சதவீத நேரம் நிலைமை மிக மோசம். அளந்த வகுப்பறைகள் எல்லாமே 35 டெசிபல் என்ற பரிந்துரை வரம்பைத் தாண்டியிருந்தன. ஏறக்குறைய பாதி 55ஐத் தாண்டின. சத்தம் பொறுக்காமல் சில நேரம் இயந்திரத்தை அணைத்துவிடுவதாக ஆசிரியர்களே சொன்னார்கள்.

35 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு ஆசிரியர் தொண்டை கிழியாமல் பேசினால், கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அந்தக் குரல் சுமார் 50 டெசிபல். சொற்கள் தெளிவாகப் புரிய, பின்னணிச் சத்தத்தைவிடக் குரல் 15 டெசிபலாவது உயரமாக இருக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 35. பின்னணியே 55 என்றால் குரல் சத்தத்துக்கு அடியில் முங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் பேசும் மொழியிலேயே பாடம் கேட்கும் பிள்ளை, காதில் விழாத பாதிச் சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று இருக்கும் பிள்ளையால் அது முடியாது. அதற்கு ஊகிக்கக் கையில் சொற்கள் இல்லை. கலிபோர்னியப் பள்ளிகளில் ஸ்பானிஷ், வியட்நாமிய, கன்டனீஸ் வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இயந்திரத்தின் சத்தம் எல்லோர்மேலும் சமமாக விழவில்லை.

ஆக, இந்தக் கட்டடம் ஒவ்வொரு நாளும் ஆசிரியரிடம் ஒரு கேள்வியை வைக்கிறது: மூச்சா, பேச்சா? ஒன்றைத் தேர்ந்தெடு. அவர் பேச்சைத் தேர்ந்தெடுக்கிறார். வேறென்ன செய்வார்? மதியத்துக்குள் பிள்ளைகள் கண்சொருகுகிறார்கள். ஒரு பாத்திரத்தைத் தப்பிக்க வழியில்லாத இரண்டு தீமைகளுக்கு நடுவில் நிறுத்துவது நாடக ஆசிரியன் வேண்டுமென்றே செய்கிற காரியம். இங்கே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாருமே ஆசிரியனாக இல்லாத ஒரு பிரதி இப்படித்தான் முடியும்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறிக்கையில் காற்றுக் குறைபாடு போர்ட்டபிளில் மட்டும் இருக்கவில்லை. வழக்கமான கட்டடத்து வகுப்பறைகளிலும் இருந்தது. ஆகவே 'பெட்டி கெட்டது, கட்டடம் நல்லது' என்று சுலபமாகத் தீர்ப்பெழுத முடியாது. மூச்சையும் குளிரையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்த சிந்தனைதான் இரண்டுக்கும் பொதுவான நோய்.

5

இந்த இடத்தில்தான் 'ஆற்றல் சேமிப்பு' என்ற சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். அணைத்து வைத்த இயந்திரம் மின்சாரம் தின்னாது. மீட்டரை மட்டும் பார்த்தால், காற்றில்லாத வகுப்பறைதான் உலகத்திலேயே சிக்கனமான வகுப்பறை. எண் உண்மை, அறை பொய்.

இதற்கு நல்ல பதில் ஒன்று அதே கலிபோர்னியாவில் இருந்து வந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் இரண்டு பள்ளி மாவட்டங்களில் நான்கு போர்ட்டபிள்களைப் புதிதாகச் செய்வித்து, 2001-02இல் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இயந்திரம். ஒன்று வழக்கமான ஹீட் பம்ப். இன்னொன்று நீர் ஆவியாவதால் குளிரூட்டுவது. ஒரு வாரம் இது, மறுவாரம் அது என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள், ஆசிரியர் அதே ஆசிரியர்.

இரண்டாவது இயந்திரத்தின் தத்துவத்தை நமக்கு விளக்கவே வேண்டாம். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே காரணம். இதில் கூடுதலாக ஒரு புத்திசாலித்தனம்: முதல் கட்டத்தில் ஈரம் தடுப்பின் அந்தப் பக்கமே நின்றுவிடும், குளிர்ச்சி மட்டும் இந்தப் பக்கம் வரும். இரண்டாவது கட்டத்தில்தான் காற்று நேரடியாக ஈரத்தைத் தொடும். கம்ப்ரசர் கிடையாது, எனவே உறுமல் குறைவு. முக்கியமாக, உள்ளே வருவது முழுக்க வெளிக்காற்று. குளிரூட்டுவதும் சுவாசிக்க வைப்பதும் இங்கே ஒரே செயல். பழைய இயந்திரத்தில் ஒன்றோடொன்று சண்டை போட்டவை இதில் ஒரே பக்கம் நிற்கின்றன. கரியமில வாயு குறைந்தது, குளிரூட்டும் மின்சாரமும் குறைந்தது.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு சென்னைக்கு வரலாமா என்று கேட்டால், முடியாது. அது வறண்ட காற்றுக்கான பதில். கடலோரத்தின் புழுக்கத்தில் பானையே அரைமனதாகத்தான் குளிரும். வடிவமைப்பில் ஊர் மாறினால் இலக்கணம் மாறும்.

பிறகு வந்தவர்களும் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தார்கள். ஒரேகானில் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் லெய்ட், செர்ஜியோ பலெரோனி குழு 2010களில் செய்த 'சேஜ்' வகுப்பறை, வெளிக்காற்றுக்குத் தனி இயந்திரமும் உயரத்தில் கூடுதல் சன்னல்களும் வைத்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் 2016இல் நிறுவிய ஆலை வகுப்பறைகள் கூரையில் சூரியத் தகடும் உள்ளே, ஆமாம், நம்ம சீலிங் ஃபேனும் வைத்தன. இவற்றில் எனக்குப் பிடித்தது சூரியத் தகடு அல்ல. தகடு படத்தில் நன்றாக விழும், எனவே அதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். காற்றுக்கென்று தனியாக ஒரு வழி, வெப்பத்துக்கென்று தனியாக ஒரு வழி என்று பிரித்தார்களே, அதுதான் படத்தில் விழாத நல்ல வரி.

நல்ல பதில் இருந்தும் ஏன் பழைய பெட்டியே வாங்கப்பட்டது? பதில் இலக்கியத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கட்டடம் வாங்கும் பணம் ஒரு பையில் இருந்து வருகிறது. கரண்ட் பில் கட்டும் பணம் இன்னொரு பையில் இருந்து போகிறது. முதல் பைக்காரர் மிச்சம் பிடித்தால் அவருக்குப் பாராட்டு. அந்த மிச்சத்தை இருபது வருடம் மாதாமாதம் கட்டப்போகிறவர் வேறு ஆள். பிள்ளையின் தலைவலிக்கு எந்தப் பையும் இல்லை.

6

இப்போது கான்டோவுக்கு வரலாம். கெரே அந்தக் கிராமத்தில் பிறந்தவர். பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே பணம் திரட்டி இந்தப் பள்ளியைக் கட்டினார். மூன்று வகுப்பறைகள் வரிசையாக, நடுநடுவே திறந்த வெளி. சுவர், கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல். புர்கினா பாசோவில் வழக்கமாகத் தகரக் கூரையைச் சுவர்மேல் நேராக வைத்துவிடுவார்கள், அறை அடுப்பாகிவிடும். கெரே என்ன செய்தார்? அறைக்கு மேல் மண்கல்லாலேயே இடுக்கு விட்டு ஒரு உள்கூரை. தகரக் கூரையை அதிலிருந்து உயரத் தூக்கி, மெல்லிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்த சட்டத்தின் மேல் நிறுத்தினார். சூடான காற்று இடுக்கு வழியே மேலேறி வெளியே போகும், சன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுவிட்ச் இல்லை, எனவே யாரும் அணைக்கவும் முடியாது. 2004இல் ஆகா கான் விருது, 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு.

கான்டோவைப் புகழும் கட்டுரைகள் பலவும் மண்ணைப் புகழ்கின்றன. 'பாரம்பரியத்துக்குத் திரும்புதல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கெரே தகரத்தைத் தூக்கி எறியவில்லை, தகரத்தை விலக்கி வைத்தார். வெயிலைத் தாங்குவது ஒரு கூரையின் வேலை, அறையை மூடுவது இன்னொன்றின் வேலை என்று பிரித்தார். பெர்க்லிக்காரர்கள் மூச்சுக்கும் குளிருக்கும் நடந்த சண்டையை ஓர் இயந்திரத்தில் தீர்த்தார்கள், இவர் வெயிலுக்கும் காற்றுக்கும் நடந்ததை ஒரு இடைவெளியில் தீர்த்தார். கான்டோவை லாரியில் ஏற்ற முடியாது. அந்த இடைவெளியை ஏற்றலாம்.

இது நமக்கு ஏன் உறைக்க வேண்டும் என்றால், அதே 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் தீ பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. சரியான உத்தரவு, அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் கீற்று ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது, வெயிலை மறித்துக்கொண்டிருந்தது. கீற்றை எடுத்த இடத்தில் தகரத்தையோ ஆஸ்பெஸ்டாஸையோ சுவர்மேல் நேராக வைத்தால் தீ போகும், வெயில் உள்ளே வரும். உயிரா, நிழலா என்று அங்கேயும் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. இரண்டும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. கான்டோவில் அது சிமெண்ட் கலந்த மண்ணிலும் கம்பியிலும் கிடைத்திருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு பச்சை வகுப்பறையின் அழகான படம் உங்கள் திரையில் வரும்போது சூரியத் தகட்டை எண்ணாதீர்கள். வகுப்பு நடக்கும்போது, கதவைச் சாத்தி, முப்பது பேரும் உள்ளே இருக்கும்போது அளந்தார்களா என்று கேளுங்கள். இயந்திரம் ஓடுகையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா? இயந்திரம் நின்றால் காற்று வந்ததா? 'தற்காலிகம்' என்றால் எத்தனை வருடம், அந்தத் தேதியை யார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டடம் எத்தனை யூனிட் மிச்சப்படுத்தினாலும், அந்த யூனிட்டுகளை உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமிருந்துதான் எடுக்கிறது.